மூன்றாவது கம்பியும் முப்பதாயிரம் நாற்காலியும்

ஜனவரி 9, செவ்வாய்

கிளப்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த சீசனிலிருந்து நம் ரக்பி அணியின் சொந்த ஊர் ஆட்டங்களை எல்லாம் நகரத்துப் பெரிய ஸ்டேடியத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று ‘ரசிகர்களின் மேலான கருத்தை’க் கேட்கிறார்களாம். முப்பதாயிரம் நாற்காலி. கால்பந்துக்காரர்களோடு பங்கு. ஒரு சனிக்கிழமை அவர்கள், ஒரு சனிக்கிழமை நாம். ஒரு அடுப்பில் இரண்டு பேர் சமைத்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் கரண்டி பிடித்த எனக்குத் தெரியாதா.

ட்ரெவாலன் ரசிகர் சங்கம் ஒப்புக்கொள்ளாமல் கிளப் ஒரு கோல் கம்பத்தைக்கூட நகர்த்த முடியாது. விதியில் இருக்கிறது. சங்கச் செயலாளர் யார்? நான். ஏப்ரலில் வோட்டு. பார்த்துவிடுகிறேன்.

இட்வாலிடம் கடிதத்தை நீட்டினேன். “கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியல, நீயே படி” என்றான். படித்தேன். “அங்க டாய்லெட் நல்லா இருக்கும்” என்றான்.

இதற்கா முப்பத்தொன்பது வருஷம் இவனோடு குடித்தனம் நடத்தினேன்.

ஜனவரி 13, சனி

தோற்றோம். மழை. எங்கள் குவாரி மைதானத்தில் மழை இல்லாத ஆட்டம் என்று ஒன்று நடந்ததாக யாருக்கும் நினைவில்லை.

வழக்கம் போல வடக்கு முனை, மூன்றாவது கம்பி. சிமெண்டுப் படியில் சாய்ந்து நிற்பதற்காக நட்ட இரும்புக் கம்பி அது, துருவைத் தவிர அதில் இப்போது வேறு எதுவும் மிச்சமில்லை. இதே கம்பியில்தான் 1978இல் இட்வால் என் சிப்ஸைக் கேட்காமல் எடுத்துத் தின்றான். அடுத்த வருஷம் கல்யாணம்.

ஆட்டம் முழுக்க இட்வாலின் நச்சரிப்பு.

“யாரு கையில பந்து?”

“நம்ம ஒன்பதாம் நம்பர் கையில.”

“இப்ப?”

“இப்ப தரையில. அந்தக் கழுதை கையில எது நின்னுது.”

“ரெஃப்ரி என்ன சொல்றான்?”

“அவனுக்கே புரியாத எதையோ சொல்றான். கண்ணத் தெறந்து பாரேன்.”

சிரித்தான். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜனவரி 18, வியாழன்

கிளப் ஹாலில் கூட்டம். லண்டனிலிருந்து ஃபென்விக் என்று ஒரு ஆலோசகரைக் கூட்டி வந்திருந்தார்கள். இறுக்கமான கால்சட்டை, சாக்ஸ் கிடையாது. வேல்ஸில், ஜனவரியில். ‘அனுபவம்’ என்ற சொல்லை முப்பத்தோரு தடவை சொன்னார். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணினேன்.

“நீங்க பார்க்கப்போறது வெறும் மேட்ச் இல்லை. ஒரு முழுமையான அனுபவம்.”

ப்ளெதின் எழுந்தான். எங்கள் ‘போகமாட்டோம்’ அணியின் பீரங்கி. “ஏன் சார், எங்களுக்கு இப்ப அனுபவம் இல்லைங்கிறீங்களா? நாலு வருஷமா கடைசி எடத்துல இருக்கோம். இதவிட என்ன அனுபவம் வேணும்?”

கைத்தட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. பிறகு ஆளாளுக்கு. அந்தப் புல் கால்பந்துக்காரன் விழுந்து புரண்டு அழுத புல், அதில் நம் பையன்கள் கன்னம் வைப்பதா என்று ஒருவர். அங்கே நன்றாக வெந்த இறைச்சி பை, அதாவது மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது, கிடைக்கும் என்கிறார்கள், நம் பை பாதி வேகாமல் இருப்பதுதானே நம் அடையாளம் என்று இன்னொருவர். இவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. நானும் பேசினேன். மண், ஆன்மா, மூதாதையர் எல்லாம் வந்தது. நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. இட்வால்.

“நாம போகலாம்னு எனக்குத் தோணுது” என்றான். அவ்வளவுதான். காரணம் இல்லை, ஒன்றும் இல்லை. உட்கார்ந்துகொண்டான்.

முந்நூறு பேரும் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

ஜனவரி 19, வெள்ளி

பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்தான். குடித்தேன். டீ வேறு, கொள்கை வேறு.

ஜனவரி 29, திங்கள்

ஃபென்விக்கின் அறிக்கை வந்துவிட்டது. குவாரி மைதானத்துக்கு ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்தான் வருகிறார்களாம். ஆகவே மைதானம் மக்களைக் கவரவில்லையாம். ஆகவே பெரிய மைதானம் தேவையாம். வருகிறவன் குறைவு, அதனால் நாற்காலியைக் கூட்டு. இதைச் சொல்ல லண்டனிலிருந்து ஆள்.

ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் எப்படி? வடக்கு முனையில் மூச்சு விட இடம் இருப்பதில்லையே.

யோசித்தால் விடை எங்கள் முகத்திலேயே அறைகிறது. ஓல்வென் தோட்டம்.

மைதானத்து வேலியை ஒட்டி ஓல்வென் வீடு. அவள் முட்டைக்கோஸ் பாத்திக்குப் பின்னால் வேலியில் ஒரு ஓட்டை, சுரங்க வேலைநிறுத்த வருஷம் யாரிடமும் டிக்கெட்டுக்கு வழியில்லாதபோது போட்டது. வேலைநிறுத்தம் முடிந்தது, சுரங்கமும் முடிந்தது, ஓட்டை மட்டும் முடியவில்லை. போகிறவர்கள் ஓல்வென் ஜன்னலில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்துவிட்டுப் போக வேண்டும், அதுதான் மரியாதை. அவள் காசு கொடுத்து பிஸ்கட் வாங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் பாதிப் பேர் அந்த வழிதான். நம் மைதானத்துக்காக உயிரையே கொடுப்பேன் என்று கூட்டத்தில் கத்தினவர்களில் முக்கால்வாசி. வாசலில் இருக்கும் சுழல் கதவு எண்ணுவதோ டிக்கெட்டோடு வருகிறவனை மட்டும்.

(நாங்கள்? நானும் இட்வாலும் எப்போதும் இஞ்சி பிஸ்கட்.)

பிப்ரவரி 2, வெள்ளி

திட்டம் என்னுடையது, பெருமையாகவே எழுதுகிறேன். 24ஆம் தேதி பக்கத்துப் பள்ளத்தாக்கு அணியோடு ஆட்டம். அன்று ஒருவர் விடாமல் முன்வாசல் வழியாக, டிக்கெட் எடுத்து, சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு வருவது. எண்ணட்டும். ஓட்டையைப் பலகை அடித்து மூடிவிடலாம் என்றேன். ஓல்வெனுக்குத்தான் மனமில்லை.

“அப்ப என் பிஸ்கட்டு?”

“சங்கம் குடுக்கும்.”

“சாக்லேட்டு தடவுனதா?”

ஒப்புக்கொண்டேன். போராட்டம் என்றால் தியாகம் இருக்கத்தான் செய்யும்.

பிப்ரவரி 16, வெள்ளி

இட்வாலோடு இப்போது ஓரளவு பேச்சு இருக்கிறது. வானிலை, உப்பு, பஸ் நேரம். நவம்பரிலிருந்து எல்லாவற்றுக்கும் பஸ்தான். காரில் கிளட்ச் சரியில்லை என்கிறான். சரி செய்யவும் மாட்டேன் என்கிறான்.

இன்று கேட்டே விட்டேன். “அங்க அப்படி என்ன இருக்கு ஒனக்கு?”

“பெரிய ஸ்க்ரீன் இருக்கு.”

“டிவி வீட்லயே இருக்கே.”

“ஆமா, இருக்கு” என்றான். பேச்சு முடிந்தது. இவனுக்கு என்னதான் ஆயிற்று? கம்பி அலுத்துவிட்டதா? நான் அலுத்துவிட்டேனா? முதலாவதைக் கேட்டால் இரண்டாவதற்கும் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

பிப்ரவரி 24, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கே கையில் ஒலிபெருக்கியோடு வாசலில் நின்றேன். “ஓல்வென் வீட்டுப் பக்கம் யாரும் போகாதீங்க, எல்லாரும் இந்தப் பக்கம்.” வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். சுழல் கதவுக்கே அது புது அனுபவம். முப்பது வருஷமாக எண்ணாதவர்களை எல்லாம் ஒரே மதியத்தில் எண்ணியது. இட்வால் வந்தான். “நீ உள்ள போ, நான் பின்னாடியே வர்றேன்” என்றேன். படிகளைக் காலால் தடவித் தடவி ஏறிப் போனான். பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை எனக்கு. வெற்றி கண்ணை மறைத்திருந்தது.

இரண்டு பத்துக்கு மூவாயிரமாவது ஆள் உள்ளே போனார். உடனே வாசல் அதிகாரி கதவை இழுத்துச் சாத்தினார். பாதுகாப்புச் சான்றிதழ்படி மைதானத்தின் கொள்ளளவு மூவாயிரம்தானாம். வெளியே எழுநூறு பேர். ஓட்டைப் பக்கம் ஓடினார்கள். பலகை. ஆறு அங்குல ஆணி. என் யோசனை.

வெளியே நின்ற எழுநூறில் நானும் ஒருத்தி.

எண்பது நிமிஷம் சுவரை வெறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஆரவாரம் கேட்டது, ஆனால் யாருக்கு என்று தெரியவில்லை. எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். முடிந்து கதவு திறந்ததும் முட்டி மோதி உள்ளே போனேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மூன்றாவது கம்பியில் இட்வால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் வந்ததுகூடத் தெரியவில்லை. தோளைத் தொட்டேன்.

“நெஸ்டாவா?” என்றான். அப்புறம் மெல்ல, “நாம ஜெயிச்சோமா?”

பிப்ரவரி 25, ஞாயிறு

ஜெயித்துத்தான் இருக்கிறோம். பதினெட்டு மாதத்தில் முதல் தடவை. நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அவன் கண் இரண்டு வருஷமாகவே இப்படியாம். எதையும் நேரே பார்த்தால் நடுவில் ஒரு கறுப்பு. ஓரங்கள் தெரியும். மருத்துவமனைக்குத் தனியாகவே போயிருக்கிறான். சரியாகாது என்று சொல்லிவிட்டார்களாம். கிளட்சுக்கு ஒரு கேடும் இல்லை.

“ப்ளெதின் பக்கத்துலதான நின்னான், அவன்ட்ட கேட்டிருக்கலாமே.”

“அவன்ட்ட கேட்டா திங்கக்கெழமைக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.”

“என்ட்டயாவது சொல்லியிருக்கலாமேடா.”

“சொன்னா நீ பாவம் பாப்ப. மெதுவா, பக்குவமா சொல்ல ஆரம்பிச்சிடுவ. ரெஃப்ரியத் திட்டறத விட்டுடுவ.” டீக் கோப்பையைத் தடவி எடுத்தான். “அந்தப் பெரிய எடத்துல கண்ணு தெரியாதவங்களுக்குன்னு காதுல ஒரு கருவிய மாட்டி விடறாங்களாம், ஒருத்தர் ஆட்டத்தச் சொல்லிட்டே இருப்பாராம். ஸ்க்ரீனும் வீடு மாதிரி பெருசு. ரெண்டு வருஷமா நீ எங்க மேட்ச் பாத்த? எனக்குச் சொல்லிட்டுதான் இருந்த. இனிமேலாவது நீ பாக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான்.”

கண்ணத் தெறந்து பாரேன்னு சொன்னேனே. சொன்னேனே — எத்தன தடவ —

மார்ச் 6, செவ்வாய்

ஃபென்விக்கின் இரண்டாவது அறிக்கை. எழுநூறு பேர் வெளியே நிற்கும் அளவுக்கு ஆதரவு பெருகிவிட்டதாம். ஆகவே பெரிய மைதானம் தேவையாம். அடியில் ‘ரசிகர் சங்கச் செயலாளரின் அயராத உழைப்புக்கு நன்றி’.

ஏப்ரல் 12, வியாழன்

வோட்டு. ‘போகமாட்டோம்’ என்று பெரிதாக எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனேன், மறைப்புக்குள்ளும் அதே சட்டைதான். முதல் பேனா எழுதவில்லை. ஒரு கணம் அதையே சகுனமாக எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று பார்த்தேன். இரண்டாவது பேனா எழுதியது. ‘போகலாம்’ என்ற கட்டத்தில்.

முடிவைப் படிக்க வேண்டியவளும் நானே. போகலாம், பதினான்கு வோட்டு வித்தியாசத்தில். ஓல்வென் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “கடசி வரைக்கும் நின்னியேடி” என்றாள். எனக்காகச் செய்து வைத்திருந்த கேக்கை வெட்டினார்கள். இரண்டு துண்டு தின்றேன். இப்படி ஒரு பிறவி நான்.

ப்ளெதின் மேஜையைத் தட்டினான். “அந்தப் பதினாலு துரோகி யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்.” பிறகு படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “அங்க லிஃப்ட் இருக்குமோ?” என்று என்னிடம் தனியாகக் கேட்டான். பதினான்கில் இன்னொன்று யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இட்வாலிடம் முடிவைச் சொன்னேன். வேறு எதையும் சொல்லவில்லை. “சட்டைய மாத்து, கேக்கு ஒட்டியிருக்கு” என்றான். ஓரக் கண்ணால் என்னவெல்லாம் தெரிகிறது இவனுக்கு.

ஜூலை 21, சனி

குவாரி மைதானத்தில் கம்பிகளைப் பிடுங்குகிறார்கள். மூன்றாவது கம்பியை வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். கை வைத்ததுமே உடைந்துவிட்டது. நாற்பது வருஷமாக அது எங்களைத் தாங்கவில்லை, நாங்கள்தான் அதைத் தாங்கியிருக்கிறோம்.

செப்டம்பர் 8, சனி

புது ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். ஊரிலிருந்து பஸ். ஓல்வென் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஏறுகிறவர்களிடமெல்லாம் பிஸ்கட் வாங்கினாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முப்பதாயிரம் நாற்காலி. நாங்கள் நாலாயிரம் பேர். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார்கள். எல்லோரும் வடக்கு மூலைக்குப் போய், பழைய மைதானத்தில் யார் பக்கத்தில் யார் நின்றார்களோ அதே வரிசையில், நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தோம். உட்காரச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன ஸ்டேடியத்துப் பணிப்பெண் கடைசியில் தானும் நின்றுவிட்டாள். முதல் ஸ்க்ரம்மில் பதினாறு தடியன்கள் முட்டித் தள்ளியதில் புல் கம்பளம் போலச் சுருண்டு எழுந்தது. கால்பந்துக் கிளப்பின் புல்லுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இறைச்சி பை வெந்திருந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை.

இட்வாலுக்குக் காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டான். நான் வாயை மூடிக்கொண்டு, இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக ஆட்டத்தை மட்டும் பார்த்தேன். பத்து நிமிஷம். நன்றாகத்தான் இருந்தது. யாரோ என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டது போலவும் இருந்தது.

பதினோராவது நிமிஷம் கருவியைக் கழற்றி மடியில் வைத்தான்.

“ஏன், கேக்கலயா?”

“நல்லா கேக்குது. எல்லாத்தையும் சரியாத்தான் சொல்றான்.” மூக்கைச் சுளித்தான். “ரெஃப்ரிய ஒரு வார்த்த திட்டலயே அவன். யாரு கையில பந்து?”

சொன்னேன். கடைசி வரை, தொண்டை கட்டும் வரை. ஒன்பதுக்கு முப்பத்தொன்று என்று தோற்றோம். இருபத்தொன்று என்று கொஞ்சம் குறைத்துச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன பெரிய ஸ்க்ரீனை ஓரக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான்.