வதனியின் மெஷினும் முப்பத்தோராம் நாள் புகையும்

என்ர செல்லத் தங்கச்சி வதனி,

இன்று நீ எங்களை விட்டுப்போய் முப்பத்தோராம் நாள். முற்றத்தில் ஓமம் வளர்க்க வேண்டும் என்றார் ஐயர். பின்னறையில் உன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அளவெடுப்பு முடிய இன்னும் நாலு நாள். புகை உன் கடைசி வேலையைக் கெடுத்துவிடுமோ என்று மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நீ மீன் போட்டுக் காய்ச்சிய கூழைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினாய். பழைய முறையில், தாளில் தூசைச் சேர்த்துப் பிறகு பார்ப்பது, கூழைக் குடித்துவிட்டு உள்ளே என்ன மீன் என்று கேட்பது மாதிரி. உன் மெஷின் கூரைக் குழாயால் துறைமுகக் காற்றை இழுத்து, ஒவ்வொரு தூசாக லேசரால் உடைத்து, துண்டுகளின் எடையை வைத்து அந்த நொடியே சொல்லிவிடும்: இது கடல் உப்பு, இது கப்பல் புகை. கண்ணுக்கே தெரியாத ஒன்றிடம் நீ யார் என்று கேட்கிற வேலை உனக்கு எப்படியடி பிடித்துப்போனது?

விறகுப் புகை மெஷினுக்குள் போகாமல் இருக்க, காஸ் அடுப்பில் மட்டும் சமைக்கச் சொல்லியிருந்தாய். ஒருநாள் நான் உனக்கு ஒளித்துத் தேங்காய்ச் சிரட்டை மூட்டி மீன் பொரித்தேன்.

"அக்கா, அடுப்பு மூட்டினனீங்களோ?"

"இல்லையடி, காஸிலதான்."

"பொட்டாசியமா வந்து கொட்டுது, விறகு சிரட்டை எரிஞ்சாத்தான் அது வரும். மெஷினுக்கு உங்கட முகம் தெரியாது, பொய் எடுபடாது." சிரித்தாய். "எரியுங்கோ, ஒளிக்காதேங்கோ. நேரத்தைச் சொன்னாக் காணும், நான் பிரிச்செடுப்பன். இப்ப அந்த மீனைத் தாங்கோ."

அதை நினைத்துத்தான் உன்னோடு வேலை செய்த கிண்ணியா றிஸ்னாவிடம் ஓமம் வளர்க்கலாமோ என்று கேட்டேன். மாமா கத்தினார்: "செத்தவளுக்குச் செய்யிறதோ, தகரப் பெட்டிக்குப் பயப்பிடுறதோ?"

"நிப்பாட்டினா திரும்ப ஓட நாளெடுக்கும் அக்கா. அது ஓடட்டும், நீங்க செய்யுங்க" என்றாள் றிஸ்னா.

ஓமம் மூட்டிய நேரம், தணிந்த நேரம் இரண்டையும் சொன்னேன். திரைக்கு முன்னால் கூட்டிப்போனாள். "பாருங்க, ஓமப் புகை இஞ்ச, கப்பல் புகை அங்க. ஒண்டும் கெடல்ல." ஒரே தூசில் உப்பும் கப்பல் புகையும் ஒட்டியிருந்ததைக்கூடக் காட்டினாள். மாமாவும் எட்டிப் பார்த்தார். "கெட்டிக்காரிதான் என்ர மருமகள்" என்று கண்ணைத் துடைத்தார். கேட்டால் புகையாம்.

அடுத்த வாடைக்காற்றுக் காலத்து அளவெடுப்புக்கும் அந்த அறையைக் கேட்கிறாள் றிஸ்னா. அப்போது வரும் மெஷின் பெட்டி பெரிதாம், இடம் வேண்டுமாம். மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் உன் கட்டிலை இன்னும் எனக்குத் தொட ஏலாமல் இருக்கிறது. ஆனாலும் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கட்டிலை நானே கழற்றி வைப்பேன் வதனி, வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

உன் ஒரே அக்கா