கொள்ளு திரும்பி வருகிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

நெய்வேலியிலிருந்து பொற்கொடி வணங்கி எழுதுவது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ கேட்கவில்லை, இருந்தாலும் நான் நலம். போனில் பேசினால் பாதியிலேயே எடை எவ்வளவு என்று கேட்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எடை அதே எண்பத்திரண்டு. எட்டு மாதமாகத் தினமும் விடியலில் குவார்ட்டர்ஸைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். ஒரு கிலோகூட இறங்கவில்லை. பெண் இளைக்க வேண்டும் என்ற மாப்பிள்ளை வீட்டுக்கு அப்படியே சொல்லிவிடு.

போன செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. நிலக்கரி போகும் கன்வேயரின் உச்சியில் பன்னீர்செல்வம் என்ற கான்ட்ராக்ட் தொழிலாளி வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார். முதலுதவி அறையில் நர்ஸ் நான் ஒருத்திதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூற்றிருபது படி ஏறினேன். என் உடம்பைத் தினமும் கேலி செய்யும் ஒல்லி சூப்பர்வைசர், கூடவே ஏறி வந்தவர், பாதி வழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண் விழித்த பன்னீர்செல்வம், “இம்மாம் படி ஏறிக்கினு வந்தியேம்மா, மூச்சுகூட வாங்கலியே” என்றார். எட்டு மாதத்துக்கு முன்னால் பத்தாவது படியிலேயே எனக்கு நெஞ்சு அடைத்திருக்கும். எடை மெஷினில் அதெல்லாம் தெரியாது. இங்கே சொல்லிக்கொள்ளவும் ஆள் இல்லை.

நான் இளைக்க வேண்டும் என்று நீ அனுப்பிய மூன்று கிலோ கொள்ளு இந்தப் பார்சலில் திரும்பி வருகிறது. பதிலுக்கு, நடப்பதற்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பு, பழையது தேய்ந்துவிட்டது. இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் நீ வாங்கி அனுப்பு.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. என் கால் அளவு எட்டு. அது உனக்குத் தெரியாது, எடைதான் மனப்பாடம்.

பொற்கொடி