சிவப்புக் காரின் ரெண்டாவது சாவி

மாமா,

குடிகாடு கம்பெனியில ஷிப்ட் முடிச்சு வந்ததும் படுத்துடாதீங்க. என்னோட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துட்டுப் போக, பதினோரு மணிக்கு ஷோரூம் ஆள் வராரு. என்கிட்ட இருந்த ரெண்டாவது சாவி டைனிங் டேபிள்ல இருக்கு. விக்கிற பேப்பர்ல நீங்க காட்டின எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டேன். சீட்டுக்கடியில என் கூலிங் கிளாஸ் கெடக்கு. எடுக்காதீங்க, அதோடயே போவட்டும்.

"ரெண்டு சீட்டு வண்டி குடும்பத்துக்கு ஆவாது, பெட்ரோல் செலவும் ஜாஸ்தி, எலக்ட்ரிக் கார் வாங்கிடலாம்"னீங்க. சரின்னேன். புதுக் கார் எங்க போவுது, எங்க நிக்குதுன்னு உங்க போன்ல தெரியும்னு மட்டும் சொல்லல. முந்தாநாள் புவனகிரி பாலத்துகிட்ட நிறுத்தி, அஞ்சு நிமிஷம் ஆத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள போன் பண்ணி, "அங்க என்ன வேலை? கூட யாரு?"ன்னு கேட்டீங்க.

யாரும் இல்ல மாமா. நான் மட்டுந்தான்.

இன்னிக்கு பஸ்ல பரங்கிப்பேட்டை போறேன், கடலைப் பாக்க. ஆறு மணிக்குள்ள வந்துடுவேன். வேற எங்க போவேன்?

அருள்மொழி

சாம்பார் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க.

புதுக் காரை சார்ஜ்ல போட்டிருக்கேன். உங்க போன்ல பாருங்க, நான் வீட்லதான் இருக்கேன்.