அம்மாவின் பசி அடங்கிய விதம்

திண்டுக்கல்
2.9.2002

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் சிங்கப்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. போனில் சொன்னால் பாதி கேட்டும் கேட்காமலும் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன், நிதானமாகப் படி. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் சித்திரையிலேயே ஆகியிருக்க வேண்டியது. சுகர் இருநூற்று எண்பதில் நிற்கிறது, இது இறங்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

மாத்திரை கொடுத்துச் சோற்றையும் குறைக்கச் சொன்னார்கள், அம்மாவும் ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்துவிடுவாள். பசிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் நான்தான் நீ கொடுத்துவிட்ட ஜூஸ் மெஷினில் ஆயக்குடிக் கொய்யாவைப் போட்டுப் பிழிந்து, விதை பல்லில் மாட்டும் என்று அதையும் வடிகட்டி, சர்க்கரை போடாமல் டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். பழம்தானே என்ன செய்யும் என்று நினைத்தேன். குடித்த செத்த நேரத்தில் மறுபடி பசி என்பாள். ஆனியில் டெஸ்ட் எடுத்தால் முன்னைவிட இருபது கூடியிருக்கிறது. ஒருநாள் மில்லுக்குப் போகிற வழியில் கண்ணாடியை மறந்து திரும்பி வந்தேன், அடுப்படியில் நின்றபடியே உன் அம்மா பானையிலிருந்து வெறும் சோற்றை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பானையை மூடிவிட்டு அழுதாள், எனக்கு ஆபரேஷனே வேணாம், இம்புட்டுப் பசியோட என்னால ஏலாது என்றாள். நான் ஆறுதலாகப் பேசாமல் கோபமாகப் பேசிவிட்டேன், இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே நோயாளிகளுக்குச் சாப்பாட்டு முறை சொல்கிற குர்ஷித் பேகம் என்ற அம்மா, திட்டாமல் காலையிலிருந்து என்னென்ன உள்ளே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜூஸ் என்றதும் சக்கையை என்ன செய்றீங்க என்றார், தென்னைக்குப் போடுகிறோம் என்றேன். வயித்துல நின்னு பசி தாங்க வைக்கிற நார்ச்சத்து அதுலதான் இருக்கு, அதைத் தென்னைக்குப் போட்டுட்டு இனிப்புத் தண்ணிய மட்டும் அவங்களுக்குக் கொடுத்திருக்கீங்களே என்றார்.

இருந்தாலும் மனசு ஒப்பாமல் நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு காலை மூன்று கொய்யாவின் சாற்றை மட்டும் குடித்துவிட்டு மில்லுக்குப் போனேன், ஒன்பதரைக்கே வயிறு கிள்ளி கேண்டீனில் போய் நின்றேன். மறுநாள் அதேபோல் மூன்று பழத்தைத் தோலும் விதையுமாக மென்று தின்றால் மூன்றாவதை முடிக்கவே முடியவில்லை, பதினொன்றரை வரை சாப்பாட்டு நினைப்பே இல்லை. அன்றைக்கே மெஷினை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன், ஆசையாக வாங்கியதாச்சே என்று வருத்தப்படாதே. இப்போது அம்மாவுக்குக் காலையில் சலிக்காத கம்பு மாவில் மோர் விட்டுக் கெட்டியாகக் கூழ், மத்தியானம் சோறு அதே ஒரு கரண்டிதான் ஆனால் அவரைக்காயோ கீரையோ வெஞ்சனம் அதைப்போல் இரண்டு பங்கு, சாயங்காலம் கொய்யாவில் பாதி. முதல் வாரம் வயிறு உப்பிக்கொண்டு வருகிறது என்று முனகினாள், தண்ணீர் அதிகமாகக் குடிக்கச் சொன்னார் குர்ஷித் பேகம், நாலு நாளில் சரியானது. பிறகு பானைப் பக்கம் போகவில்லை. ஆடி கடைசியில் சுகர் நூற்று ஐம்பதுக்கு வந்தது, ஆவணி ஆறாம் தேதி ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். முன்கூட்டிச் சொல்லவில்லை என்று என்மேல் கோபிக்காதே, பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஓடிவரும் என்று அம்மாதான் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இதை எழுதும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒன்று சேர்க்கச் சொல்கிறாள். மூணு மாசம் பசியோட கிடந்துகிட்டு போன்ல அவகிட்டச் சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு பொய் சொன்னேன், அவளும் எங்கிட்ட அப்படித்தான் சொல்றாளோ என்னமோ, அதனால சாப்பிட்டேன்னு எழுத வேணாம், என்ன சாப்பிட்டான்னு எழுதச் சொல்லுங்க என்கிறாள். மறக்காமல் எழுதம்மா.

தீர்க்காயுசாக நல்லா இரு.

உன் அப்பா,
வீ. கண்ணுசாமி