கறை இருக்கிற பக்கம்

என் பிரியமான மார்த்தாள் அக்கா,

இன்னும் கொஞ்ச நேரத்தில் முதல் மணி அடித்துவிடும். இன்றைக்கு இராப்போஜன ஞாயிறு. நீ வெளுத்து மடித்த, அப்பமும் ரசமும் வைக்கிற அந்த மேசைத் துணி என் மடியில் கிடக்கிறது. நீ போய் மூன்று வருஷமாகிறது, இப்போதுதான் உனக்கு எழுதத் துணிந்திருக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தச் சனிக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். ஏரியில் வெளுத்த துணியோடு நாம் இருவரும் கிளியனூர் சாலையில் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தோம். கடலை பிடுங்கிய மல்லாட்டைக் கொல்லையில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஊர்த்தெரு அஞ்சலை. எதிரே வந்தால் நம்மைப் பாதையை விட்டு இறங்கச் சொல்கிற வீடு. நான் பயந்து வரப்பிலேயே நின்றுவிட்டேன். நீ ஓடினாய். அவள் உன் கையை இறுக்கிப் பிடித்து, "உடாதே அக்கா, உடாதே" என்றாள். ஊர்த்தெருவிலிருந்து ஒருத்தி நம்மை அக்கா என்றது அன்றுதான். துணிப் பஞ்ச காலம், நமக்கு உடுத்திய சேலை ஒன்றுதான். பிறந்த பெண்குழந்தையை நீ கோயில் துணியில் சுற்றினாய்.

மறுநாள் மேசை வெறுமையாக நின்றது. சபை மூப்பரான நம் சித்தப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். "பரிசுத்த துணியை எதுக்கும்மா எடுத்த?"

"கையில வேற துணி இல்லீங்க சித்தப்பா. குழந்தை நடுங்கிக்கினு இருந்துச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயும் கூட இருந்தியே, சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "துணி தீட்டாயிடுச்சுங்க" என்றேன்.

தீட்டு! பாட்டன் காலத்திலிருந்து நம் மேல் எறிந்த சொல். அது இனி நம்மை அண்டாது என்றுதானே ஞானஸ்நானம் வாங்கினோம்? கொல்லையில் கிடந்த அஞ்சலை வாயில் வராத சொல் என் வாயில் எப்படி வந்தது? நீ திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

அஞ்சலை வீட்டிலிருந்து திரும்பி வந்த துணியை உவர்மண் போட்டு மூன்று முறை வெளுத்தாய். ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை மட்டும் போகவில்லை. சித்தப்பா அதைத் தொடவே இல்லை. புதுத் துணி வந்தது, உன் மேசை வேலை எனக்கு வந்தது. சாகும்வரை நீ கடைசிப் பாயில் உட்கார்ந்தாய். நான் மேசையில் துணியை விரிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தாயே, எப்படி அக்கா முடிந்தது?

நேற்று அஞ்சலை மகளைக் கூட்டிக்கொண்டு நம் தெருவுக்கே வந்துவிட்டாள். "எம் பொண்ணைத் துணியில சுத்திக் குடுத்தாங்களே, அந்த அக்கா எங்கேம்மா?" என்றாள். நீ காய்ச்சலில் போனதைச் சொன்னேன். வாசலில் உட்கார்ந்து அழுதாள். போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சாமிக்கு விரிக்கிற துணியாமே அது. உங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்கலியே?"

அந்தக் கேள்வியோடு நேரே சித்தப்பா வீட்டுக்குப் போய், நாளைக்கு அக்கா துணியைத்தான் விரிப்பேன் என்றேன்.

"அதை விரிச்சீன்னா நான் எழுந்து போயிடுவேன். நீயும் இனிமே மேசைப் பக்கமே வரக் கூடாது, ஆமா!"

அவர் எழுந்தால் பாதிச் சபை எழும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று வரப்பில் நின்றதுபோல இன்றும் நிற்கவா?

மணி அடிக்கிறது அக்கா. துணியை விரிப்பேன். கறை இருக்கிற பக்கம் சபையைப் பார்த்துத் தொங்கும். அன்று நான் சொன்னது பொய், இது அன்றைக்கும் பரிசுத்த துணிதான் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். பிறகு கடைசிப் பாயில் உன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

உன்னைத் தனியே விட்டுவிட்ட,
உன் கூடப்பிறந்த தங்கை
சாராள்