மிதவை விமானத்தில் படிந்த உப்பு

பலாலி வீதியில் ஓர் ஓட்டோவுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் மணம் மூக்கில் ஏறியதும் சைக்கிளை நிறுத்திவிட்டேன். உனக்கு இன்னும் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது. நாங்கள் வென்றுவிட்டோம், மச்சான்.

துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாதிரி விமானம் ஒன்று தபாலில் வந்ததும், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குருநகரில் பைபர் படகு திருத்தும் உன்னைத் தேடி வந்தேனே, அந்த நாள் நினைவிருக்கிறதா? உலக யுத்தக் காலத்து மிதவை விமானம் அது. சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு மிதவைகள். ஒன்று வழியிலேயே முறிந்திருந்தது. பேனை நீளம்கூட இல்லாத அதை உள்ளங்கையில் வைத்து, "உது உண்மையா கடலிலை இறங்கினதோ?" என்று கேட்டாய். ஓம் என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் இந்தப் பலாலி வீதிப் பக்கம், திருநெல்வேலியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவாய்.

ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவன் நான், தூசி பொறுக்கமாட்டேன். மாதக்கணக்கில் பூசிய பச்சை, கண்ணாடி மாதிரி மின்னியது. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதற்குள் நீ ஒரு மிதவையை மணல்தாளால் தேய்த்து, உப்புக் கரைசலும் பூசிவிட்டாய்.

"கடலிலை கிடந்த சாமான் உப்பிடி மினுங்காது."

"உனக்கென்ன தெரியும்? பழுதாக்கிப்போட்டாய்!" என்று கத்தினேன். தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டாய்.

மூன்று ஞாயிறு நீ வரவில்லை. நான்காவது ஞாயிறு நானே குருநகருக்கு வந்தேன். கரையில் ஏற்றியிருந்த படகுகளைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. தண்ணீர் நிற்கும் மட்டத்தில் எல்லாவற்றிலும் பூச்சுக் கரைந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. பின்பக்கம் போகப்போக அது மேலே ஏறியது. நீ மிதவையில் போட்டதும் அதே கோடுதான்.

"மன்னிச்சுக்கொள்ளடா" என்றேன்.

நீ சிரித்தாய். "பின்பக்கம் பாரம். அங்கைதான் தாழும். வா, மற்றதையும் பழுதாக்குவம்."

வேலை முடிந்து இரண்டு கிழமையில் உன் நெஞ்சு நின்றுபோனது. நம் இருவர் பெயரிலும் பதிந்திருந்த கொழும்பு மாதிரி விமானப் போட்டிக்கு நான் தனியாகப் போனேன். மண்டபம் முழுக்கப் பளபளக்கும் விமானங்கள். ஒரு நடுவர் எங்களுடையதன் முன்னால் குனிந்தார். இந்த வெள்ளைக் கோடு ஏன் பின்னால் உயர்கிறது என்று கேட்டார். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் நிமிர்ந்து மற்ற நடுவர்களையும் கைகாட்டிக் கூப்பிட்டார்.

முதலிடம்! உன் பெயரைத்தான் முதலில் வாசித்தார்கள். யாரும் பார்க்கிறார்களா என்றுகூட யோசிக்காமல் கூவினேன்.

வெற்றிக் கோப்பையை உன் வீட்டில் கொடுத்தேன். உன் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருந்த காலத்திலை ஒரு கோப்பை கழுவாத மனிசன், இப்ப கோப்பை வாங்கியிருக்குது!" என்றார். அழுதுகொண்டே இருவரும் சிரித்தோம்.

அடுத்த மிதவை விமானத்துக்கும் பூச்சு முடிந்துவிட்டது. ஒரு தூசி இல்லை, அவ்வளவு அழகு. இன்று காலை மணல்தாளை எடுத்து அதைத் தேய்க்கத் தொடங்கினேன். பின்பக்கம் போகப்போகக் கோட்டை மேலே ஏற்றினேன்.