கறுத்துப்போன வளையல்

அன்பு மகள் மிசுஹோவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மலையில் பனி இன்னும் உருகவில்லை, என் முழங்கால் மட்டும் வழக்கம்போல் முனகுகிறது. அங்கே மெக்சிகோவில் நீயும் எவாரிஸ்தோவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

புத்தாண்டுக்கு எவாரிஸ்தோ தன் கையாலேயே செய்து அனுப்பிய வெள்ளி வளையலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பார்சலைப் பிரித்த அன்று உன் அம்மா, "அந்த ஆள் பண்ணினதை நான் போடுவேனா?" என்று இழுப்பறைக்குள் தள்ளிவிட்டாள். எங்களைக் கேட்காமல் நீ கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவன் அவளுக்கு 'அந்த ஆள்'தான், உன் போன் வந்தாலும் என்னிடம் நீட்டிவிடுவாள், உனக்குத் தெரியாததா. நேற்று முள்ளங்கி ஊறுகாய் போடச் சட்டைக் கையை மடித்தாள், பார்த்தால் மணிக்கட்டில் அந்த வளையல், அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடக்கிறது! வசமாக மாட்டிக்கொண்டாள். நம் ஊர் வெந்நீர் ஊற்றுக் குளியல் கூடத்தில் பெண்கள் எல்லாரும் மோதிரம் வளையலை வாசலில் உள்ள மூங்கில் தட்டில் கழற்றிப் போட்டுவிட்டுத்தானே கந்தக வெந்நீரில் இறங்குவார்கள். தட்டில் போட்டால் யார் கொடுத்தது என்று கேட்பார்களே என்று இவள் துண்டைச் சுற்றி மறைத்துக்கொண்டு தினமும் அதோடேயே இறங்கியிருக்கிறாள். "தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன், போகல. மிசுஹோ பார்த்தா வேணும்னே கெடுத்தேன்னு நினைப்பாளே" என்று அழுதேவிட்டாள். எனக்கும் மனசு தாங்கவில்லை.

வேதியியல் வாத்தியாராகவே ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பேனா. இது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை கினுகோ, வெள்ளியே கந்தகத்தோடு பிணைந்துவிட்டது, தேய்த்தால் வெள்ளியும் சேர்ந்து போகும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கந்தகத்துக்கு இரண்டு எலக்ட்ரான் குறை, ஒரு வெள்ளி அணு ஒன்றுதான் தரும், அதனால் இரண்டு வெள்ளி சேர்ந்து ஒரு கந்தகத்தைப் பிடித்துவைக்கும் என்று விளக்கினேன். "நாமளும் ரெண்டு பேர் சேர்ந்து ஒண்ணைத்தான் பிடிச்சு வச்சிருந்தோம், பறந்துடுச்சே" என்றாள். காதில் விழாதவன்போல் பெயருக்குத் தாவினேன். ஒன்றோடு ஒன்று சேர்ந்த பிறகு பழைய பெயரில் கூப்பிடக் கூடாது, கந்தகம் சல்பைடு ஆகிவிடும், ஆகவே இந்தக் கறுப்புக்குப் பெயர் வெள்ளி சல்பைடு. வெள்ளி எங்கேயும் போய்விடவில்லை, பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சோடா உப்பும் கொதிநீரும் விட்டு வளையலைப் போட்டால், அலுமினியம் கந்தகத்தை இழுத்துக்கொள்ளும், வெள்ளி பழையபடி வெள்ளியாகும் என்றேன். சொன்ன கையோடு அடுப்பில் வெந்நீரும் வைத்தேன்.

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். வளையலைக் கழற்றவில்லை. "இருக்கட்டும். பண்ணின மாப்பிள்ளையே வந்து வெளுக்கட்டும்" என்றாள். ஆமாம் மிசுஹோ, மாப்பிள்ளை என்றுதான் சொன்னாள். காலமெல்லாம் பிள்ளைகள் எழுதிய பெயர்களைத் திருத்தியவன் நான், இதில் திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழுங்கள். மறக்காமல் எவாரிஸ்தோவிடம் சொல், சோடா உப்பும் அலுமினியத் தாளும் நம் வீட்டிலேயே இருக்கின்றன, வெறுங்கையோடு வந்தால் போதும். இனி போன் செய்தால் என்னைக் கேட்காதே, அம்மாவைக் கூப்பிடு.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அப்பா,
தெத்சுரோ